சுவர் உரிந்த பாக்டீரியாவும் பேகம்பூர் தோல் ஷாப்பும்

1996 ஆகஸ்ட் 28 அன்று, தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் கழிவு என்றதும் எல்லோரும் பாலாற்றை நினைத்தே அந்தத் தீர்ப்பைச் சொல்வார்கள். அதற்குள் திண்டுக்கல்லுக்கும் ஓர் இடம் உண்டு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கை நீதிபதிகள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நான்கில் மூன்று.

திண்டுக்கல் இருக்கும் குடகனாற்றின் மேல்வடிநிலம் பாறை நிலம். மழைநீர் பாறை வெடிப்புகளிலும், சிதைந்த மேலடுக்கிலும் தேங்கி நிற்குமே தவிர, மணற்பாங்கான ஆற்றுப்படுகையில் போல விரைந்து நகராது. ஒரு முறை உப்பும் குரோமியமும் இறங்கிவிட்டால் அவை தலைமுறைக் கணக்கில் தங்கும். அதனால்தான் தோல் கழிவைத் தின்னும் பாக்டீரியா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த ஊர்க்காரர்களுக்குக் காது கூர்மையாகிறது. எனக்கும் அப்படித்தான். அந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடும் ஒரு முறையை, புரோட்டோபிளாஸ்ட் (சுவர் உரித்த செல்) இணைவின் வழியாகப் பாக்டீரியாக்களின் மரபணுக்களைக் கலப்பதை, அதன் தொடக்கத்திலிருந்து இன்றுவரை இங்கே பார்க்கிறேன். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது, திண்டுக்கல்லில் அதற்கு எங்கே வேலை இருக்கிறது என்பவையே என் கேள்விகள்.

முதலில் தோல் பதனிடும் ஷாப்புக்குள் நடப்பதைச் சொல்ல வேண்டும். உப்புப் போட்டு வந்த ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்குவார்கள். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்த்த குழியில் போட்டு மயிரைக் கழிப்பார்கள். சதையைச் சீவி, சுண்ணாம்பை நீக்கி, அதன்பின் பதனிடுவார்கள். பழைய வழியில் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும்; புது வழியில் குரோமியம் சல்பேட். வழக்கமான குரோம் பதனிடுதலில் போடும் குரோமியத்தில் சுமார் 60 முதல் 70 விழுக்காட்டைத்தான் தோல் ஏற்கிறது. மிச்சம் தண்ணீரோடு போகிறது. ஒரு கிலோ தோலை முடித்தெடுக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அந்தத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. குரோமியத்தையே எல்லோரும் குற்றவாளியாகக் காட்டுகிறோம். ஆனால் கழிவுச் சுமையின் பெரும்பங்கு பதனிடுவதற்கு முந்தைய ஊறல், சுண்ணாம்பு வேலைகளிலேயே பிறக்கிறது. கட்டுரையின் பிற்பகுதி இந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது.

இப்படிப்பட்ட நீரிலும் உயிர் இருக்கிறது. ஒரு பாக்டீரியா உப்பைத் தாங்கும். இன்னொன்று சுண்ணாம்பின் காரத்தில் வளரும். மூன்றாவது, நஞ்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியத்தை நஞ்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றும். நான்காவது, புரதத்தைச் செரிக்கும் புரோட்டியேஸ் நொதியை ஏராளமாகக் கக்கும். இந்தத் திறமைகள் எல்லாம் ஓருடலில் சேர்ந்தால் என்ன என்று கேட்பது இயல்பு. உப்பைத் தாங்குவது ஒற்றை மரபணுவின் வேலை என்றால் அந்த ஒன்றை வெட்டி ஒட்டிவிடலாம். அது அப்படியல்ல. சவ்வு, உப்பை வெளியேற்றும் பம்புகள், செல்லுக்குள் சேரும் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் எனப் பல மரபணுக்கள் சேர்ந்து செய்வது அது. அவற்றில் பலவற்றின் பெயர்கூட நமக்குத் தெரியாத நிலையில், வெட்டி ஒட்டும் கத்தரிக்கோல் கையில் இருந்தும் பயனில்லை.

பாக்டீரியாக்கள் தமக்குள் மரபணுக்களைப் பரிமாறிக்கொள்ள இயற்கை மூன்று வழி வைத்திருக்கிறது. இறந்த செல்லின் டிஎன்ஏ துண்டை உயிருள்ள செல் உறிஞ்சிக்கொள்வது ஒன்று. 1928-இல் ஃபிரடெரிக் கிரிஃபித் கண்டது, 1944-இல் ஆஸ்வால்ட் ஏவரி குழுவினர் அந்தப் பொருள் டிஎன்ஏதான் என்று நிறுவியது. செல்லும் செல்லும் தொட்டுக்கொண்டு கடத்துவது மற்றொன்று. 1946-இல் ஜோஷுவா லெடர்பெர்க்கும் எட்வர்ட் டாட்டமும் காட்டியது. வைரஸ் சுமந்து செல்வது மூன்றாவது. 1952-இல் நார்ட்டன் ஜிண்டரும் லெடர்பெர்க்கும் கண்டது. மூன்றிலும் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் துண்டுதான் போகும். கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். இரண்டு முழு மரபுத் தொகுதிகள் ஒரே கூரையின் கீழ் வந்து கலப்பது இவற்றில் இல்லை.

குறுக்கே நிற்பது செல்சுவர். பேசில்லஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் இனங்களில் பெப்டிடோகிளைக்கான் என்னும் தடித்த வலை சவ்வைச் சுற்றிக் கிடக்கிறது. அதை அறுக்கும் லைசோசைம் நொதியை 1922-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் மூக்குச் சளியில் கண்டுபிடித்தார். கோழிமுட்டை வெள்ளைக்கருவில் அது நிறைய உண்டு. சுவரை அறுத்தால் செல் தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடும். சுவீடனின் கிளாஸ் வெய்புல் 1953-இல் பேசில்லஸ் மெகாட்டீரியத்தைச் சர்க்கரைக் கரைசலில் வைத்து லைசோசைம் ஊற்றினார். குச்சியாக இருந்த செல்கள் வெடிக்காமல் உருண்டை உருண்டையாக மாறின. சுவர் முழுக்க உரிந்து, சவ்வு மட்டும் போர்த்திய இந்த உருண்டைதான் புரோட்டோபிளாஸ்ட். வெளியே இருக்கும் சர்க்கரையின் அடர்த்தி செல்லுக்குள் இருக்கும் அடர்த்திக்கு ஈடாக இருக்கும் வரை அது பிழைத்திருக்கும்.

அடுத்த தடை, இரண்டு உருண்டைகளை ஒட்ட வைப்பது. இரண்டின் மேற்பரப்பிலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கும். இதற்கு விடை தாவர ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. 1974-இல் கனடாவில் காவோ, மிச்சாய்லுக் இருவரும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருள் தாவரப் புரோட்டோபிளாஸ்ட்களை ஒட்ட வைப்பதைக் காட்டினார்கள். அது சவ்வுகளுக்கு இடையில் இருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது; சவ்வுகள் நெருங்கி, ஒட்டி, ஒன்றாகின்றன.

1976-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று ஹங்கேரியின் செகெத் நகரிலிருந்து கதலின் ஃபோடோரும் லயோஷ் அல்ஃபோல்டியும் எழுதியது. அவர்கள் இணைத்தது பேசில்லஸ் மெகாட்டீரியம். மற்றொன்று பியேர் ஷேஃபர், பிரிஜித் காமி, ரோலின் ஹாட்ச்கிஸ் மூவரும் பேசில்லஸ் சப்டிலிஸைக் கொண்டு செய்தது. ஹாட்ச்கிஸின் பெயரைக் கவனிக்க வேண்டும். ஏவரியின் ராக்கஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவர் அவர். ஏவரியின் டிஎன்ஏவில் புரதக் கலப்பு இருந்திருக்கும் என்று சந்தேகித்தவர்களின் வாயை அடைத்த அளவீடுகள் அவருடையவை. துண்டு டிஎன்ஏவைப் பற்றிய வாதத்தில் தன் இளமையைச் செலவிட்டவர், முழுத் தொகுதிகள் கலப்பதையும் தன் கையாலேயே செய்து பார்த்தார்.   

முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வகைகளைத் தனித்தனியே வளர்த்து, ஏறக்குறைய அரை மோலார் சுக்ரோஸ் கரைசலில் லைசோசைமுடன் 37 டிகிரியில் வைக்க வேண்டும். நுண்ணோக்கியில் குச்சிகள் உருண்டையாவதைப் பார்த்து, மென்மையாகச் சுழற்றிக் கழுவி, இரண்டையும் கலந்து, அடர்த்தியான பாலிஎத்திலீன் கிளைக்காலை ஒன்றிரண்டு நிமிடம் படவிட வேண்டும். பின்பு அதை நீர்க்கச் செய்து, சுவர் மீண்டும் வளர்வதற்கான ஊட்டத்தில் பரப்ப வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் கையைச் சுடும். வேகமாகக் குலுக்கினாலும், சர்க்கரை சற்றுக் குறைந்தாலும், தட்டு ஈரமாக இருந்தாலும் எல்லாம் வெடித்துவிடும். செலவைப் பார்த்தால் முட்டை நொதியும் சர்க்கரையும் ஒரு சுழற்சி இயந்திரமும் போதும். சிறிய கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கும் எட்டக்கூடியது இந்த முறை. அதனாலேயே இதன் மேல் எனக்குப் பற்று.

இணைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வகைக்கு ஓர் அமினோ அமிலம் தானே செய்யத் தெரியாது, மற்றதற்கு வேறொன்று தெரியாது என்று பெற்றோரைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டும் இல்லாத தட்டில் பெற்றோர் இருவருமே வளர மாட்டார்கள். இருவரின் நல்ல மரபணுவும் சேர்ந்த பிள்ளை மட்டும் வளரும். சவ்வுகள் ஒன்றான பிறகு இரண்டு குரோமோசோம்களும் ஒரே நீரில் மிதக்கின்றன. ஒத்த வரிசைகள் உள்ள இடங்களில் ரெக்ஏ புரதத்தின் துணையோடு இழைகள் வெட்டி மாறிக்கொள்கின்றன. இதுவே மரபணு மறுசேர்க்கை. துண்டு வழியில் ஓரிடம் மட்டுமே மாறும்போது, இங்கே குரோமோசோமின் பல இடங்கள் ஒரே நேரத்தில் மாறலாம்.

சப்டிலிஸில் இந்த நேர்க்கணக்கு ஓரிடத்தில் தடுமாறியது. 1980-இல் ஹாட்ச்கிஸும் கபோரும், இணைந்த செல்களில் சிலவற்றில் இரண்டு பெற்றோரின் குரோமோசோம்களும் இருந்தும் ஒருவரின் குணங்கள் மட்டுமே வெளிப்படுவதைக் கண்டார்கள். மற்றவரின் தொகுதி உள்ளே இருக்கிறது, பிரிகிறது, பிள்ளைகளுக்குப் போகிறது, ஆனால் வாய் திறப்பதில்லை. ஒரு முழுக் குரோமோசோம் எப்படி ஊமையாகிறது என்ற கேள்வியைப் பலர் பின்தொடர்ந்தார்கள். பாக்டீரியா என்றாலே எளிய உயிர், இருப்பதெல்லாம் பேசும் என்று பாடம் படித்தவர்களுக்கு இது ஓர் அதிர்ச்சி. நடைமுறையிலும் இதற்குப் பொருள் உண்டு: இணைந்தது என்று நாம் கொண்டாடும் கூட்டம் சில தலைமுறைகளில் பழைய பெற்றோராகவே பிரிந்துவிடக்கூடும்.

கிராம் நெகட்டிவ் இனங்களில் வெளிச்சவ்வு வேறு இருப்பதால் உரிப்பது கடினம், மீட்பதும் கடினம். அங்கே கதை மெலிந்தது.

ஸ்ட்ரெப்டோமைசிஸில்தான் இம்முறை உண்மையில் செழித்தது. கோடை முடிந்து முதல் மழை விழும்போது வத்தலக்குண்டுச் சாலையோரச் செம்மண்ணில் எழும் மணம் இருக்கிறதே, அந்த ஜியோஸ்மின் மணத்தைச் செய்பவை பெரும்பாலும் இவைதான். இயற்கையிலிருந்து கிடைத்த நுண்ணுயிர்க்கொல்லிகளில் பெரும்பகுதியும் இவற்றின் கொடை. 1977-இல் நார்விச்சின் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் டேவிட் ஹாப்வுட் குழுவினர் நேச்சர் இதழில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் புரோட்டோபிளாஸ்ட் இணைவை அறிவித்தார்கள். மறு ஆண்டே ஹாப்வுட்டும் ரைட்டும் வழங்கிய எண்கள் வியப்பூட்டின. சப்டிலிஸில் தேடிப்பிடிக்க வேண்டியிருந்த மறுசேர்க்கைப் பிள்ளைகள் இங்கே பத்தில் ஒன்று என்ற அளவைத் தொட்டன. அதே கையோடு, உரித்த செல்லுக்குள் வெறும் டிஎன்ஏவைப் புகுத்தும் வழியும் திறந்தது. திண்டுக்கல்லிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கே. தர்மலிங்கத்தின் குழு, புற்றுநோய் மருந்தான டானோரூபிசினைச் செய்யும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பியூசிட்டியஸை நெடுங்காலம் ஆராய்ந்தது. இந்த இனங்களில் மரபணு வேலை செய்யும் கைகள் நம் பக்கத்திலேயே பழகியிருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

எண்பதுகளில் மரபணுவை வெட்டி ஒட்டும் நுட்பம் மேலெழுந்ததும் இணைவு முறை ஓரத்துக்குப் போனது. அதைத் திரும்பக் கொண்டுவந்தது 2002-இல் நேச்சரில் வந்த ஒரு கட்டுரை. மேக்ஸிஜென் நிறுவனத்தினர் டைலோசின் என்னும் கால்நடை மருந்தைச் செய்யும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஃபிரேடியேயின் பல மாற்று வகைகளைச் சேர்த்து இணைத்து, பிறந்தவற்றில் சிறந்தவற்றைப் பொறுக்கி மீண்டும் இணைத்தார்கள். பழைய வழியில் 20 ஆண்டுகளும் சுமார் 10 லட்சம் சோதனைகளும் எடுத்த முன்னேற்றத்தை, இரண்டு சுற்று இணைவில், ஓராண்டில், 24,000 சோதனைகளில் எட்டினார்கள். மரபுத்தொகுதிக் கலைப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சீட்டுக்கட்டைக் கலைப்பது போலத்தான். இரண்டு பெற்றோர் என்ற வரம்பும் போய்விட்டது. எந்த மரபணு எதைச் செய்கிறது என்று தெரியாமலேயே நல்ல குணங்களைச் சேர்க்க முடியும் என்பதே இதன் பலம்.

தோல் ஊர்க்காரர்கள் படிக்க வேண்டிய கட்டுரை அதற்கு இரண்டாண்டு கழித்து வந்தது. பதனிட்ட தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு காலத்தில் பென்டாகுளோரோஃபீனால் பூசுவது வழக்கம். 1989-இல் ஜெர்மனி அதைத் தடை செய்ததும் நம் தோல் ஏற்றுமதியாளர்கள் தடுமாறி மாற்று வழி தேட வேண்டியதாயிற்று. இந்த நஞ்சைச் செரிக்கும் ஸ்ஃபிங்கோபியம் குளோரோஃபீனாலிக்கம் என்ற பாக்டீரியாவை 2004-இல் டாயும் ஷெல்லி கோப்லியும் மூன்று சுற்று கலைத்தார்கள். மூல வகை 0.6 மில்லிமோலாருக்கு மேல் தாங்காது. கலைத்தெடுத்த வகைகளில் சில 6 முதல் 8 மில்லிமோலார் வரை வளர்ந்தன. பத்து மடங்கும் அதற்கு மேலும். கிராம் நெகட்டிவ் இனத்திலேயே அது கூடியது.

இங்கே நிறுத்தி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பென்டாகுளோரோஃபீனால் ஒரு சேர்மம், உடைத்தால் போய்விடும். குரோமியம் தனிமம். எந்தப் பாக்டீரியாவும் அதைத் தின்று தீர்க்க முடியாது. வடிவத்தை மாற்றலாம், தன் உடலில் ஒட்டிக்கொள்ளலாம். பிறகு அந்த உடலை எங்கே கொட்டுவது என்ற கேள்வி அப்படியே நிற்கும். சோடியம் குளோரைடும் அப்படித்தான்; கிணற்று உப்பைக் கரைத்துவிடும் நுண்ணுயிர் கிடையாது. தோல் கழிவை உண்ணும் அதிசயப் பாக்டீரியா என்று வரும் செய்திகளை இந்தக் கண்ணோடு படித்தால் ஏமாற மாட்டோம். வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி எழுபதுகளின் தொடக்கத்தில் எண்ணெயைச் சிதைக்கும் பிளாஸ்மிட்கள் பலவற்றை ஒரே சூடோமோனாஸில் சேர்த்தார். அவர் பயன்படுத்தியது தொட்டுக் கடத்தும் இயற்கை வழி. 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதற்குக் காப்புரிமை உண்டு என்றது. வரலாறு படைத்த அந்த உயிரி கடலில் எண்ணெய் அள்ளும் வேலைக்கு இறக்கப்படவே இல்லை. ஆய்வுக்கூடத் தட்டில் ராஜாவாக இருப்பது, ஆயிரம் இனங்கள் போட்டியிடும் திறந்த நீரில் பிச்சைக்காரனாகிவிடும். திண்டுக்கல் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றில் ஏற்கெனவே வாழும் கூட்டம் அந்த நீருக்குப் பழகிய கூட்டம். வெளியிலிருந்து ஒரு கலப்பு வகையைக் கொண்டுபோய்க் கொட்டினால் அது அங்கே நிலைக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

சட்டமும் வழி விடாது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989 டிசம்பர் 5 அன்று இந்திய அரசு வெளியிட்ட விதிகள், மரபணுத் தொழில்நுட்பம் என்பதற்குள் செல் கலப்பினமாக்கலையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. இயற்கையில் நிகழாத முறைகளால் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட செல்களை இணைத்துப் புதிய மரபுச் சேர்க்கையுள்ள உயிர்ச்செல்லை உண்டாக்குவது என்பதே அங்குள்ள விளக்கம். அதாவது, வெட்டி ஒட்டாமல் சர்க்கரையும் முட்டை நொதியும் கொண்டு இணைத்தாலும் அது விதிக்குள் வரும். திறந்தவெளியில் விட மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம், இயற்கையாகவே மரபணு பரிமாறிக்கொள்ளும் பாக்டீரியா இனங்களின் புரோட்டோபிளாஸ்ட் இணைவுக்கு, மூடிய கலத்துக்குள் பயன்படுத்தும் வரை, விலக்கு அளிக்கிறது. ஒரே இனத்துக்குள் செய்யும் கலைப்புக்கும் தொலைதூர இனங்களைச் சேர்ப்பதற்கும் நம் விதிகளிலும் இப்படி வேறுபாடு காட்டலாம் என்பது என் கருத்து. ஆனால் கிணற்றிலும் ஆற்றிலும் விடுவதற்கு மட்டும் இன்றைய கடுமை அப்படியே தொடரட்டும்.

இத்துறைக் கட்டுரைகளிலும் ஒரு குறை உண்டு. வெவ்வேறு பேரினங்களை இணைத்தோம் என்று பலர் எழுதுகிறார்கள். மறுசேர்க்கைக்கு ஒத்த வரிசைகள் வேண்டும். உறவு விலக விலக அது விரைந்து அற்றுப்போகிறது. கூட்டத்தின் நிறம், இரண்டு மருந்துகளுக்கு எதிர்ப்பு ஆகியவற்றை மட்டும் காட்டி இணைவு நடந்துவிட்டது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். தற்செயல் மாற்றமும் அந்த எதிர்ப்பைத் தரும். முழு மரபுத்தொகுதியையும் படித்து, எந்தப் பகுதி எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்று காட்டும் செலவு இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. அதைக் கேட்பது முனைவர் பட்ட வழிகாட்டிகளின் கடமை.

அப்படியானால் திண்டுக்கல்லுக்கு இதில் என்ன இருக்கிறது? கழிவு வெளியேறும் குழாயை விட்டுவிட்டு, தோல் உள்ளே வரும் வாசலைப் பார்க்க வேண்டும். சோடியம் சல்பைடுக்குப் பதிலாகப் பாக்டீரியப் புரோட்டியேஸால் மயிரைக் கழிப்பது புதிய எண்ணமல்ல. தோல் வேலையில் நொதிகளுக்கு நெடிய வரலாறு உண்டு: ஒரு காலத்தில் சுண்ணாம்பு நீக்கிய தோலை மென்மையாக்க ஐரோப்பாவில் நாய் மலத்தைப் பயன்படுத்தினார்கள்; 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஓட்டோ ரோம் அதற்கு மாற்றாகக் கணைய நொதியைக் கொண்டுவந்தார். சென்னையின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் மயிர் கழிக்கும் நொதிகளில் பல பத்தாண்டுகளாக உழைத்திருக்கிறது. இந்த நொதிகளைத் தருபவை பெரும்பாலும் பேசில்லஸ் இனங்கள், அதாவது 1976-இல் முதன்முதலில் சுவர் உரித்து இணைத்த அதே குடும்பம். நிறைய நொதி தரும் ஒரு வகை, காரத்தையும் வெயிலையும் தாங்கும் ஒரு வகை, தோலின் கொலாஜனைக் கடிக்காத நொதியைச் செய்யும் ஒரு வகை என்று மூன்றைச் சுற்றுச் சுற்றாகக் கலைக்கலாம். அவை மூடிய கலத்துக்குள்ளேயே வளரும். ஷாப்புக்கு வருவது செல் நீக்கிய நொதி மட்டும். திறந்தவெளி அனுமதிச் சிக்கல் அங்கே எழாது. சல்பைடு குறைந்தால், சுண்ணாம்புக் குழியில் இறங்கும் தொழிலாளி மூச்சில் இழுக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் குறையும். மயிர் கரையாமல் முழுதாகக் கழன்றால் அதை அள்ளி எடுத்துவிடலாம். கழிவுநீரின் சுமை அந்த அளவுக்கு இறங்கும்.

ஆய்வுக்கூடத் தட்டில் பால்புரதத்தைக் கரைத்துக் காட்டும் வளையத்தை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. திண்டுக்கல்லின் பேகம்பூரில் உள்ள ஷாப் ஒன்றில் உப்புத் தோல் நூறை எடுத்து, பாதியைச் சல்பைடிலும் பாதியை நொதியிலும் போட்டு, மயிர் வேரோடு வந்ததா, தோலின் முகம் பொத்துப்போனதா, காலணிக்காரர் அதே விலை தருவாரா என்று பார்க்க வேண்டும். ஒரு கிலோ தோலுக்கு ஆகும் நொதிச் செலவை அதே ஒரு கிலோவுக்கு ஆகும் சல்பைடுச் செலவோடு ஒப்பிட்டு அதே நோட்டில் எழுத வேண்டும். ஷாப் மேஸ்திரி முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.